மலையும் மாமன் மச்சானும் மட்டும் போதாது

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண் நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் கேட்கும் முதல் கேள்வி: "அவளுக்கு என்ன குறைச்சல்?" கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுடைய கணக்கு நேரானது. மேற்கே தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் விளையும் வயல், திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு. தெருவுக்குத் தெரு சித்தி, பெரியம்மா, அத்தை, மச்சான், மதினி. காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வர நாலு பேர். இத்தனையும் இருக்கிற இடத்தில் ஒருத்தி மனம் ஒடிந்து போகிறாள் என்றால் கோளாறு அவளிடம்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டுகிறது.

நகரத்திலிருந்து வருகிறவர்களும் இதே கணக்கைப் போடுகிறார்கள். சுருளியில் குளித்து, மேகமலையில் இரண்டு இரவு தங்கி, திரும்பும் வழியில் பன்னீர்த் திராட்சை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், "இந்த ஊர்க்காரர்களுக்கு மன அழுத்தம் எங்கிருந்து வரும்?" என்று ஆசையோடு கேட்கிறார்கள். மேடையில் பேசுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தனிமையும் மனச்சோர்வும் அடுக்குமாடி வீடுகளின் நோய், மேல்நாட்டு இறக்குமதி, நம் கிராமத்து உறவுக்கட்டு அதை அண்ட விடாது என்று முழங்குகிறார்கள்.

ஊர்க்காரரும் விருந்தாளியும் பேச்சாளரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: அழகான இடமும் ஏராளமான சொந்தமும் இருந்துவிட்டால் மனம் தானாக நலமாக இருந்துவிடும். இந்த நம்பிக்கை பொய். யாருக்கும் தீங்கு செய்யாத பொய்யாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் உதவி கேட்க வேண்டியவர்களின் வாயை அவர்கள் திறப்பதற்கு முன்பே இது அடைத்துவிடுகிறது. எல்லாம் இருக்கிற இடத்தில் "என்னால் முடியவில்லை" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இந்த நம்பிக்கைக்குள் ஓர் உண்மையும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. 1984-ல் ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. மரமும் மனிதரும் மனதைத் தேற்றுவது உண்மைதான். ஆனால் எந்த நிலையில் இருந்து பார்க்கும் மரம், எப்படிப்பட்ட உறவு என்று கேட்காமல் அடுத்த அடி வைக்க முடியாது.

மலையிலிருந்து தொடங்குவோம். உல்ரிக்கின் நோயாளிகள் படுத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தார்கள். அந்த மரத்தடியில் நாள்கூலிக்குக் களையெடுக்க அவர்களை யாரும் அனுப்பவில்லை. கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, வண்டி தாங்குவதற்கு மேல் அடைந்து உட்கார்ந்து, கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பகுதி பெண்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் குனிந்த முதுகோடு காய் எடுக்க வேண்டும். மருந்தடித்த செடிகளுக்கு நடுவேதான் மூச்சு விட வேண்டும். பொழுது சாய இறங்கி வந்து அடுப்பு மூட்ட வேண்டும். வந்து போகிறவருக்குக் காட்சியாகத் தெரிகிற மலை, இவளுக்கு ஏறி இறங்கித் தீர்க்க வேண்டிய ஒரு நாள் பாடு. லெனின் பாரதி இயக்கி 2018-ல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' இந்த மண்ணின் கதைதான். கண் கொள்ளாத பச்சைக்கு நடுவே, தனக்கென்று ஒரு துண்டு நிலம் வாய்க்காதா என்று ஏங்கும் கூலித் தொழிலாளியை அந்தப் படம் பின்தொடர்கிறது. நிலம் இல்லாதவனுக்கு அந்தப் பச்சை ஆறுதலாக இருக்கவில்லை, ஏக்கமாகவே இருந்தது.

மலைப்பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதையும் பள்ளத்தாக்கு பார்த்திருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை வெடித்தபோதும், 2020 ஊரடங்கில் கேரள எல்லை மூடப்பட்டபோதும் தோட்ட வேலை நின்றது. அந்த நாட்களில் மலையின் அழகு ஒரு துளியும் குறையவில்லை. மன அமைதி மலையிலிருந்து வருவது உண்மையானால், வேலையில்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டே இருந்த அந்த நாட்கள் அமைதியின் உச்சமாக இருந்திருக்க வேண்டும். கடையில் பாக்கி ஏறிய, அடுத்த வாரத்தை நினைத்தால் வயிறு கலங்கிய நாட்களாகத்தான் அவை கழிந்தன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில், தற்கொலையால் இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் நாட்கூலித் தொழிலாளர்கள். நாளைக்கு வேலை உண்டு என்ற நிச்சயமும் சுற்றுப்புறத்தைச் சேர்ந்ததுதான். அதை விட்டுவிட்டு மரத்தையும் காற்றையும் மட்டும் எண்ணுகிறவர்கள் பாதிக் கணக்கோடு எழுந்துவிடுகிறார்கள்.

அடுத்தது உறவு. ஊர் கேட்கும் கேள்வியின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது. அதே அறிக்கையின்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் பதிவான காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைகளுக்கு: 31.7 சதவீதம். இறந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இல்லத்தரசிகள். எந்த மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. காவல் நிலையப் பதிவேடு ஒருவர் வாழ்க்கையின் முழுக்கதையைச் சொல்லிவிடாது. ஆனாலும் சொந்தம் இருந்தாலே காவல் என்று நம்புகிறவர்கள் இந்த எண்களுக்கு முன் நின்று பதில் சொல்லியாக வேண்டும். ஆளில்லாத வீட்டில் இருந்ததால் மட்டும் இவர்கள் ஒடிந்துபோகவில்லை. ஆள் நிறைந்த வீட்டுக்குள் ஒடிந்துபோனவர்கள் இவர்களில் ஏராளம்.

அது எப்படி என்று கேட்பவர்கள், நம் வீடுகளில் ஒரு பெண்ணின் துயரம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கட்டும். மாமியாரிடம் சொன்னால் அன்று மாலைக்குள் சம்பந்தி வீடு அறியும். அம்மாவிடம் சொன்னால் "அனுசரிச்சுப் போ தாயி" என்ற பதில் வரும். அண்ணனிடம் சொன்னால் அடிதடியில் முடியும். ஒருவரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டால் நல்ல மருமகள் என்ற பெயர் கிடைக்கும். சொந்தத்தில் கட்டிக்கொடுத்தால் பெண் பத்திரமாக இருப்பாள் என்று பெரியவர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் மாமன் மகனைக் கட்டியவளுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே உறவுக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே ஒரு கசப்பு என்றால் முறையிட மூன்றாவது வீடு கிடையாது. கஞ்சி கொண்டு வரும் மதினியின் அன்பு பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டு போவது ஊருக்குள் சுற்றி வரும் என்பதும் பொய்யில்லை. எந்த உறவு தன்னைத் தாங்குமோ அதே உறவு தன்னைத் தீர்ப்பிடவும் செய்யும் என்று தெரிந்தவள் பேச மாட்டாள்.

ஆண்களின் நிலையும் இதற்கு மேல் இல்லை. ஆம்பிளை அழக்கூடாது என்று சொல்லி வளர்த்துவிட்டு, மனம் கனக்கும்போது உட்கார என்ன இடம் வைத்திருக்கிறோம்? சாவடியும் டீக்கடைப் பெஞ்சும் அரசியல் பேசவும் மழை பேசவும் போதும். "ராத்திரி தூக்கம் வரல, பயமா இருக்கு" என்று அங்கே சொன்ன மனிதனை மறுநாள் முதல் ஊர் வேறு மாதிரி பார்க்கும். 2003-ல் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்ற பிறகு, துக்கத்தை இறக்கி வைக்க ஆண்களுக்கு அரசே திறந்து வைத்திருக்கும் இடம் மதுக்கடை ஒன்றுதான். அங்கே இறக்கி வைத்த துக்கம் வட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

தமிழர் மனதில் பதிந்திருக்கும் பச்சைக் கிராமத்தை வரைந்ததில் இந்தத் தேனி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரும் பங்குண்டு. பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர், இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். ஆனால் அந்தப் படங்களில் பாட்டை வாங்கிக்கொண்டு, படம் சொன்னதைக் கேட்காமல் விட்டுவிட்டோம். 1985-ல் வந்த பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில் ஊரே எழுந்து நிற்கும் ஒரு பெரிய மனிதர். நிலம், ஆறு, சொந்தபந்தம், மரியாதை எல்லாம் உண்டு. மனம்விட்டுப் பேச வீட்டில் ஓர் ஆள் கிடையாது. பரிசல் ஓட்டும் ஒரு பெண்ணிடம் அந்தப் பேச்சு கிடைத்தபோது அதையும் ஊர் பொறுக்கவில்லை. கூட்டத்தின் நடுவிலேயே ஒருவர் தனித்துப்போக முடியும் என்பதைத் தேனி மண்ணின் கலைஞர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் கண் முன்னால் வைத்தார். சமூகவியலாளர் எமில் துர்கைம் அதற்கும் முன்னால், 1897-ல், சமூகக் கட்டு தளர்ந்துபோகும் இடத்தைப் போலவே அளவுக்கு மீறி இறுகும் இடத்திலும் மனிதர்கள் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். நாம் தளர்ந்த கட்டைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறோம். இறுகிய கட்டுக்குப் பண்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தனிமை மேல்நாட்டு நோய் என்ற வாதமும் இனி நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் சமூக இணைப்புக்கான ஆணையம் 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார். வருமானம் உயர்ந்த நாடுகளில் தனிமையை உணர்கிறவர்கள் சுமார் 11 சதவீதம் என்றால், வருமானம் குறைந்த நாடுகளில் சுமார் 24 சதவீதம். கூட்டுக் குடும்பமும் ஊர்ப் பாசமும் மிகுந்தவை என்று நாம் நினைக்கும் நாடுகளில் தனிமை இரண்டு மடங்கு. வறுமை மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கிறது. கல்யாணத்துக்கு மொய் வைக்க வழியில்லாதவர் கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிடுகிறார் என்பதை அறிக்கை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாம் இல்லை.

'எல்லாரும் மாமன் மச்சான்' என்ற பெருமையும் எந்தத் தெரு வரைக்கும் செல்லும் என்று கேட்டாக வேண்டும். காலனிக்குப் போகும் பாதை தொடங்கும் இடத்தில் அந்த உறவுமுறைகள் நின்றுவிடுகின்றன. 1989-ல் போடிப் பகுதியில் நடந்த சாதிக் கலவரம் பலரது உயிரைக் கொண்டுபோனது. ஒரு தெருவைக் கட்டிக் காக்கும் உறவே அடுத்த தெருவுக்கு அச்சமாகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒதுக்கப்பட்ட தெருவில் வளரும் பிள்ளைக்கு ஊரின் ஒற்றுமை என்ற சொல் நெஞ்சில் பாரமாக இறங்குகிறது. அந்தப் பாரம் எந்த மருத்துவக் குறிப்பிலும் ஏறுவதில்லை.

உறவையே அடமானமாக்கும் ஏற்பாடும் இப்போது வீடு தேடி வந்துவிட்டது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெண்களுக்கு வாசலைத் தாண்டி வர ஒரு காரணம் கொடுத்தன. சேர்ந்து உட்கார ஓர் இடம் கொடுத்தன. அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. பிறகு வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்கள் அதே குழுவைக் கடனுக்குப் பிணையாக்கின. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூல்காரர் வாசலில் உட்கார்ந்திருக்க, நேற்று வரை தோழியாக இருந்தவள் இன்று தவணை கேட்டுக் கத்துகிறாள். கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. குழு இருந்தது, கூட்டம் இருந்தது, பெயர் சொல்லி அழைக்கப் பத்துப் பேர் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேருக்கே பயந்து ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள் என்றால், எண்ணிக்கையை வைத்து உறவை அளப்பது எவ்வளவு பெரிய பிழை!

"அந்தக் காலத்தில் இதைவிடக் கஷ்டம் இருந்தது, எல்லாரும் தாங்கவில்லையா? இந்தத் தலைமுறைக்குத்தான் தெம்பில்லை" என்பது கடைசி வாதம். எல்லாரும் தாங்கவில்லை. தாங்காதவர்களுக்கு நாம் வேறு பெயர்கள் வைத்திருந்தோம். ஒருத்திக்குப் பேய் பிடித்தது என்றோம். ஒருவனுக்குக் கிறுக்கு என்றோம். செய்தித்தாளில் பல ஆண்டுகளாக ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: தீராத வயிற்று வலி. தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தவரை குடும்பங்கள் மறைத்தன. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று சொன்னது. அந்தக் காலத்தில் துயரம் இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல வழிதான் இல்லை.

அப்படியானால் ஊரை விட்டு ஓடிவிடலாமா, உறவை அறுத்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நகரத்தின் பூட்டிய கதவுகளை நான் பரிந்துரைக்கவில்லை. மனதைத் தாங்கும் உறவுகள் இதே பள்ளத்தாக்கில் இருக்கின்றன. நாம்தான் அவற்றை உறவென்று மதிப்பதில்லை. தோட்டத்துக்குப் போகும் அந்த ஜீப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக ஒரே செட்டில் வேலைக்குப் போகும் பெண்கள், கணவனிடமும் தாயிடமும் சொல்லாததை மெட்டு ஏறும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் தீர்ப்பிடும் இடத்தில் இல்லை. எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரே முதுகுவலி. ஒருத்தியின் மானம் இன்னொருத்தியின் குடும்ப கௌரவத்தோடு முடிச்சுப் போடப்படவில்லை. சொன்னால் மதிப்புக் குறையாது, சொன்னது வாசல் தாண்டாது, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம் என்ற உறுதி இருக்கும் உறவுதான் மனதுக்கு மருந்து. அந்த உறுதி இல்லாத இடத்தில் ஆயிரம் சொந்தம் இருந்தும் பயனில்லை.

இந்த உறுதியைத் திட்டமிட்டு உருவாக்க முடியும் என்பதற்கு ஜிம்பாப்வே சாட்சி. பஸ்ஸுக்குக் காசில்லாததால் மருத்துவமனைக்கு வர முடியாமல் ஒரு நோயாளி இறந்துபோனதைத் தாங்க முடியாத மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006-ல் உள்ளூர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வருகிறவர் பேசுவதைக் கேட்பதும், ஒவ்வொரு சிக்கலாகத் தீர்க்க வழி பார்ப்பதும்தான் அவர்கள் வேலை. பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வு வெகுவாகக் குறைந்ததை 2016-ல் வெளியான மருத்துவ ஆய்வு உறுதி செய்தது. அந்தப் பாட்டிகள் அந்தந்த ஊர்க்காரர்களே. ஆனால் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள்.

கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதும் சுற்றுப்புறத்தைச் சேர்ந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1990-களிலிருந்து படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்த மக்களின் மன உறுதி திடீரென்று கூடிவிடவில்லை. ஆபத்து கைக்கெட்டாமல் போனதும், நெருக்கடியான அந்தச் சில மணி நேரத்தைக் கடந்தவர்கள் வாழ்ந்தார்கள். தோட்டத்து மருந்து வீட்டு மூலையிலேயே கிடக்கும் நம் ஊர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. பூட்டிய பொதுக் கிட்டங்கி ஒன்று ஊருக்கு ஊர் இருந்தால் பல உயிர்கள் மிஞ்சும்.

ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்களுக்கு, மனம் பற்றிக் கேட்கவும் கேட்டதைக் காக்கவும் பயிற்சி கொடுக்க வேண்டும். கூடலூரிலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல்; போனால் ஒரு நாள் கூலி போகும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் ஜீப்புகள் இறங்கி வந்த பிறகு, மாலையில், மனநல மருத்துவர் உட்கார வேண்டும். தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்குப் பாதுகாப்பான வண்டி வேண்டும். வேலை நின்ற நாட்களுக்கு ஒரு நிவாரணம் வேண்டும். ஊராட்சிக் கட்டடத்தில் எல்லாத் தெருப் பெண்களும் காரணம் சொல்லாமல் வந்து உட்கார ஓர் அறை வேண்டும். இன்றைக்கே பேச வேண்டியவர்களுக்கு 104 என்ற உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் 14416 இருக்கிறது. இரண்டும் இரவு பகல் எந்நேரமும் எடுக்கப்படும்.  இந்த எண்களை ஜீப் நிற்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் எழுதிப்போட ஆகும் செலவு ஒரு டப்பா பெயின்ட்.

மனம் ஒடிந்தவரைப் பார்த்துப் பலவீனர் என்று சொல்ல ஓர் ஊருக்கு உரிமை வேண்டுமானால், அவருக்கு நாளைக்கு வேலை உண்டு என்ற நிச்சயத்தையும், பேசினால் மானம் போகாத ஓர் இடத்தையும், தெருப் பார்க்காத மரியாதையையும் அந்த ஊர் முதலில் கொடுத்திருக்க வேண்டும். நம் ஊர்கள் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கும் வரை, ஒடிந்தவர்களை விசாரிக்கும் தகுதி நமக்கில்லை. விசாரிக்கப்பட வேண்டியவர்கள் நாம்தான்.